பெட்டிசத்தில் அம்மாவின் பெயர்

மவுண்ட் ஆல்பர்ட், ஓக்லண்ட்
14.07.1996, ஞாயிறு

அன்பு மகள் லோஜனாவுக்கு அம்மா எழுதுவித்துக்கொள்வது. இங்கே நாங்கள் மூன்று பேரும் ஒரு கை குறைய நலம், நீ படிக்கப் போன அந்தத் தெற்குக் குளிருக்குள் இரண்டு கை இரண்டு காலோடு முழுசாக நலமாயிருக்க வேண்டும் என்று அம்மா விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறார். பயந்துபோய்ப் போனைத் தூக்காதே அக்கா, குறைந்த கை அம்மாவுடையது, அதுவும் ஆறு கிழமைக்குத்தான். போன புதன்கிழமை மழைக்குள் உடுப்பு எடுக்க ஓடினவர் பின்பக்க மரத்தள டெக்கில் சறுக்கி வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார், இப்போது முழங்கை வரை மாக்கட்டு. மாக்கட்டுப் போட்ட கையால் மா குழைக்க முடியாது என்பதால் அப்பாவும் நானும் பாணில் வாழ்கிறோம். பேனையும் பிடிக்க முடியாது என்பதால் இதை எழுதுவது உன் தம்பி யசீகரன், எழுத்தாளன் இல்லை, எழுத்துக்குப் பிடித்த ஆள். அம்மா குசினிக் கதிரையில் இருந்து சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும், ஒரு சொல் கூட்டவும் கூடாது குறைக்கவும் கூடாது என்று உத்தரவு. குறைக்க மாட்டேன்.

முதலில் அம்மா சொன்னவை. அப்பாவுக்கு மங்கரேயில் விமானச் சரக்குக் கொட்டகையில் பின்னேர வேலை மாறிக் காலை வேலையாகிவிட்டது, அதனால் இனி இரவுச் சாப்பாட்டு நேரத்தில் அவரும் எங்களோடு மேசையில் இருந்து குறை சொல்லுவார். நீ காலுறை போட்டுக்கொண்டு படு, ஈரத் தலையோடு வெளியே போகாதே, பரீட்சை பரீட்சை என்று பிஸ்கட் தின்று வயிற்றைக் கெடுக்காதே. உன்னோடு வீடு பகிர்ந்திருக்கும் மலேசிய ஈப்போச் சீனப் பிள்ளை சூசனையும் சுகம் கேட்டதாகச் சொல்லு. இந்த இடத்தில் அம்மா, சமைக்கிற சட்டி இப்பவும் வேறயாத்தானே வைச்சிருக்கிறாய், அவையள் ஊர்வன பறப்பன எல்லாம் தின்னுறவை, கவனம் பிள்ளை எண்டு எழுது என்றார், எழுதினேன். பேனையை எடுக்க முதல், இல்லை அதை வெட்டு என்றார், வெட்டினேன். வெட்டியதை இப்போது திரும்பவும் எழுதியிருக்கிறேன், ஏனென்றால் அம்மா அதை ஏன் வெட்டச் சொன்னார் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

விஷயம் இதுதான். வருகிற 23ஆம் திகதி செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஏழு மணிக்குப் பள்ளிக்கூட மண்டபத்தில் எங்கள் தெருவுக்கு ஒரு கூட்டம். தெருவில் உள்ள வீடுகளில் ஆட்களைக் கூட்டிக் கும்பிடுவதை நிறுத்த வேண்டும் என்று ஒரு பெட்டிசம் போயிருக்கிறது, நகரசபையில் இருந்து ஒருவர் வந்து எல்லாரையும் கேட்டு முடிவு எடுப்பார். பெட்டிசத்தில் இருபத்தாறு கையெழுத்து. மூன்றாவது கையெழுத்து யோகராணி மகேசன். ஓம், நம்முடைய அம்மாதான்.

பக்கத்து மரவீட்டை மாசி மாதம் தாய்வானில் இருந்து வந்த ஒரு குடும்பம் வாங்கினது நீ போன பிறகு. மிசிஸ் சென்னும் மகன் ஜெரியும் மட்டும் இருக்கிறார்கள், மிஸ்டர் சென் தாய்பேயில் வேலை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து புல்லைப் பார்த்துவிட்டுப் போவார். வந்த முதல் மாதமே அம்மா தீர்ப்பு எழுதிவிட்டார், புருசன்காரன் விட்டிட்டுப் போட்டான், காசை அனுப்பிப்போட்டு அங்க இன்னொண்டை வைச்சிருப்பான், இவையளுக்கு இதெல்லாம் ஒரு கதையே இல்லை என்று. அப்பா சவுதியில் நாலு வருசம் இருந்தபோது நாங்கள் கொழும்பில் இருந்தோமே, அந்த ஒழுங்கையில் அம்மாவைப் பற்றி என்ன கதைத்திருப்பார்கள் என்று நான் கேட்டேன், பருப்புக் கிண்டிய அகப்பை என் பக்கம் பறந்து வந்தது, அப்போது அம்மாவுக்கு இரண்டு கையும் நன்றாக இருந்தது. அந்த வீட்டில் ஒவ்வொரு சனிக்கிழமையும் இருபது முப்பது பேர் கூடுவார்கள். வாசலில் சப்பாத்துக் குவியல், தெருவோரப் புல்லில் கார், மரத்தில் தட்டுகிற ஒரு டொக் டொக், சந்தனக்குச்சிப் புகை, பிறகு சாப்பாடு, சாப்பிட்ட பிறகு இரைச்சல். அம்மா யன்னல் திரையை இரண்டு விரலால் விலக்கிப் பார்த்துவிட்டு, ஒரு ஒழுங்கில்லாத சனம் என்பார். நானும் பக்கத்தில் நின்று ஓம் ஓம் என்பேன். ரேடியோவிலும் தேர்தல் வருகிறது என்று ஏசியன் வந்துவிட்டான், ஏசியன் வாங்கிவிட்டான் என்று ஒரே கதை, அதைக் கேட்டு நாங்களும் பக்கத்து வீட்டைத்தான் திரும்பிப் பார்ப்போம், கண்ணாடியைப் பார்த்ததில்லை.

பெட்டிசம் கொண்டுவந்தவர் எதிர்வீட்டு மிசிஸ் வாட்கின்ஸ். உனக்கு அவரைச் சொல்லித் தெரியத் தேவையில்லை, நாங்கள் வந்த முதல் குளிருக்குப் போர்வையோடு வந்தவர், அப்பாவுக்கு வேலைக்கு நற்சான்றுக் கடிதம் தந்தவர், இன்றைக்கும் வியாழக்கிழமை தோறும் தன் குசினி மேசையில் வைத்து அம்மாவுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறவர். ஆனி மாதக் கடைசியில் ஒரு பின்னேரம் வந்து, இந்தச் சனிக்கிழமைக் கூத்துக்கு ஒரு முடிவு கட்ட வேண்டும், ஒப்பம் இடு டியர் என்றார், அம்மா இட்டார். யாழ்ப்பாணத்தாருக்குப் பெட்டிசம் என்றால் பாயசம்தானே. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், எனக்குச் சிரிப்பாக இருந்தது. ஏன் சிரிப்பு என்பதைப் பிறகு சொல்லுகிறேன், இப்போதைக்கு அம்மா சொல்லுவதை எழுதுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை குணரத்தினம் மாமா கை முறிந்ததற்குச் சுகம் கேட்க ஒனிஹங்காவில் இருந்து வந்தார், வந்த இடத்தில் மேசையில் கிடந்த கூட்ட அறிவித்தலை எடுத்து வாசித்தார். உனக்குத் தெரியும்தானே, மாதக் கடைசி வெள்ளிக் கூட்டுப் பிரார்த்தனை வீட்டுக்கு வீடு மாறி மாறி வருவது, இந்த மாதம் 26ஆம் திகதி ஆடி வெள்ளி நம் வீட்டு முறை. மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு, அக்கா, இதில சீனர் எண்டு ஒரு சொல்லும் இல்லை, இந்தத் தெருவில எந்த வீட்டிலயும் பத்துப் பேருக்கு மேல சேர்ந்து கும்பிடக்கூடாது எண்டுதான் கிடக்கு, எங்கட வெள்ளிக்கு முப்பத்தைஞ்சு பேர் வருவினம், நீங்களே ஒப்பம் வைச்சிருக்கிறியள் என்றார். அம்மா விடவில்லை. அது அவையளின்ர சத்தத்துக்குத்தானே தம்பி, நாங்கள் தேவாரம் அல்லோ படிக்கிறம் என்றார். மாமா, டோல்கி மேளமும் அடிக்கிறம் என்றார். அவையள் புல்லில கார் விடுகினம் என்றார் அம்மா. நான் இப்ப எங்க விட்டிருக்கிறன் எண்டு எட்டிப் பாருங்கோ என்றார் மாமா. அம்மா எட்டிப் பார்க்கவில்லை. போன தடவை நாங்கள் கற்பூரம் கொளுத்திப் புகை எச்சரிக்கை மணி அலறித் தீயணைப்பு வண்டி வரப்பார்த்ததை நான் ஞாபகப்படுத்தினேன், நீ வாயை மூடு என்றார்கள் இரண்டு பேரும் சேர்ந்து.

மாமா போன கையோடு அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு மிசிஸ் வாட்கின்ஸ் வீட்டுக்குப் போனார். இது எங்களுக்கும் பொருந்துமோ என்று கேட்டார். அவர் அம்மாவின் நல்ல கையைப் பிடித்துத் தட்டிக்கொடுத்து, ஐயோ டியர், உங்களை நாங்கள் அப்படி நினைக்கிறதே இல்லை, நீங்கள் அவர்களைப் போல இல்லை, உங்கள் வெள்ளிக்கிழமையை யாரும் கேட்க மாட்டார்கள் என்றார். தெருவைக் கடந்து வரும்போது அம்மா உச்சி குளிர்ந்து வந்தார், பார்த்தியா, எங்களை மதிக்கினம் என்றார். வீட்டுக்குள் வந்து ஒரு மணித்தியாலம் கழிய நடக்கத் தொடங்கினார். யன்னலுக்கும் குளிர்ப்பெட்டிக்கும் நடுவே நேற்று முழுக்க நடந்தார், இன்றைக்கும் நடக்கிறார், தேத்தண்ணி போட்டுவிட்டுக் குடிக்க மறந்து ஆறவிடுகிறார், இருந்தால் எழும்புகிறார், எழும்பினால் இருக்கிறார். நேற்று அப்பா கேட்டார், கை நோகுதோ என்று. கை இல்லையப்பா, போன மாசம் லோஜனா போனில சூசனைப் பற்றிச் சொல்லேக்க நான் என்ன சொன்னனான் தெரியுமோ, அவள் நல்ல பிள்ளை, மற்றச் சீனரைப் போல இல்லை எண்டு சொன்னனான், அதே சொல்லை இந்த மனிசி எனக்குச் சொல்லுது, நான் சந்தோசப்பட்டுக்கொண்டு வாறன் என்றார். அப்பா பேப்பரை மடித்து வைத்தார். அம்மா சட்டிக்கதையை வெட்டச் சொன்னது இதனால்தான். அம்மா இதை எழுதச் சொல்லவில்லை, ஆனால் நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், தடுக்கவில்லை.

இப்போது அம்மா முகம் கழுவப் போயிருக்கிறார், அதற்குள் என்னுடையதை எழுதிவிடுகிறேன். இருபத்தாறு கையெழுத்தும் சும்மா விழவில்லை அக்கா. பெட்டிசத்தோடு ஒரு படம் இணைத்திருக்கிறார்கள். சென் வீட்டுக்கு முன்னால் விளக்குக் கம்பத்தில் கட்டியிருந்த ஒரு பெரிய மட்டையின் படம், மேலே சீன எழுத்து ஆறு, கீழே ஆங்கிலத்தில் இந்தத் தெரு கோயில் விருந்தினருக்கு மட்டும், மற்றவர்கள் வெளியே நிற்கவும் என்று. மிசிஸ் வாட்கின்ஸ் வீடு வீடாகப் படத்தைக் காட்டித்தான் ஒப்பம் வாங்கினார், பாருங்கள் எங்கள் தெருவிலேயே எங்களை வெளியே நிற்கச் சொல்லுகிறார்கள் என்று. அந்த மட்டை நம் வீட்டுக் குளிர்ப்பெட்டி வந்த பெட்டியின் மட்டை. அந்தச் சீன எழுத்து சீன எழுத்தே இல்லை, ஒரு பெட்டி, ஒரு ஏணி, ஒரு குடை, கால் உடைந்த ஒரு கதிரை, மிச்சம் இரண்டும் எனக்கே என்னவென்று தெரியாது. நான் ஒரு சனிக்கிழமை காலை பகிடிக்குக் கீறிக் கட்டினேன். வருகிற ஆட்கள் அண்ணாந்து பார்த்து முழிப்பதை யன்னலுக்குள் நின்று பார்த்துச் சிரிக்கத்தான், பின்னேரம் கழற்றுவதாகத்தான் இருந்தேன். மத்தியானமே மிசிஸ் வாட்கின்ஸ் கமராவோடு வந்து படம் எடுத்து மட்டையையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார். அதைக் கண்டும் நான் சிரித்தேன். இருபத்தாறு பேரில் ஒருவருக்குக்கூட, இந்தச் சனம் இப்படி எழுதுமா என்று சந்தேகம் வரவில்லை, அதுதான் பகிடியின் உச்சம் என்று நினைத்தேன். சனம் இப்படித்தான் எழுதும் என்று முதலில் நினைத்தவன் நான் என்பது எனக்கு அப்போது ஓடவில்லை.

ஜெரி சென் என் வகுப்பு. முதல் தவணைக் கணக்குச் சோதனைக்கு நான் வேண்டுமென்றே அவனுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன், சீனப் பெடியன், கணக்கில் புலி, எட்டிப் பார்க்கலாம் என்று. சோதனை நடக்கும்போது பார்த்தால் அவன் என்னுடைய தாளை எட்டிப் பார்க்கிறான், இந்தியன் கணக்கில் புலி என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் முப்பத்தொன்று, அவன் இருபத்தொன்பது. அன்றைக்கு இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம், அதில் இருந்து கூட்டு. மட்டை கட்டிய அடுத்த திங்கட்கிழமை அவன் என்னிடம் வந்து, உன்னுடைய பெட்டிக்கு அடிக்கோடு இல்லை என்றான், அவ்வளவுதான். நான் எந்தப் பெட்டி என்று கேட்டேன். மட்டையைக் கீறிய கை எது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்குப் பிறகு பஸ்ஸில் முன் சீட்டில் போய் இருக்கிறான். அவன் யாருக்கும் சொல்லவும் இல்லை. சொன்னால் நன்றாக இருக்கும் போல இருக்கிறது. யாருடனும் பகிடி விடவும் மனம் வருகுதில்லை, வகுப்பில் எனக்குச் சுகமில்லையோ என்று ரீச்சரே கேட்டுவிட்டார்.

அம்மா வந்துவிட்டார். என்ன இவ்வளவு நேரமா எழுதுறாய், எங்க வாசி பாப்பம் என்கிறார்.

திங்கள், பின்னேரம்

வாசித்தேன் அக்கா. தாண்டி வாசிக்கத்தான் பார்த்தேன், ஆனால் அம்மா பின்னால் வந்து நின்று கண்ணால் வரியைப் பின்தொடர்ந்தார், தமிழில் அவரை ஏமாற்ற முடியாது. மட்டை என்ற இடத்தில் அம்மா என் தோளில் வைத்திருந்த கையை எடுத்தார். முழுவதும் வாசித்து முடிய அடி விழும் என்று குனிந்துகொண்டு இருந்தேன், விழவில்லை. அம்மா எதிர்க் கதிரையில் போய் இருந்து, நான் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் பேனையை வாங்கினனான் என்றார். எங்களை வெளியில நிக்கச் சொல்ல இவையள் ஆர் எண்டு எனக்குச் சுர்ரெண்டு ஏறினது, என்ர வீட்டு மட்டைக்குத்தான் நான் கோவப்பட்டிருக்கிறன் என்றார். அப்படியெண்டால் எல்லாப் பிழையும் என்னுடையதுதான் அம்மா என்றேன். பாரத்தை இறக்கி வைத்ததுபோல இருந்தது, அம்மா இறக்க விடவில்லை. மட்டை இல்லாட்டியும் நான் வைச்சிருப்பனோ இல்லையோ எண்டு எனக்குத் தெரியேல்லை ராசா, அதுதான் என்னைத் தின்னுது, நீ பகிடிக்குக் கீறினாய், நான் நம்பினனே, ஏன் நம்பினனான் என்றார். அதற்கு ஒரு பகிடியும் என்னிடம் இல்லை அக்கா, நீ திகதியைக் குறித்து வை.

இன்றைக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இரண்டு பேரும் பக்கத்து வீட்டுக்குப் போனோம். ஏதாவது கொண்டுபோக வேண்டும் என்று அம்மா அந்தரப்பட்டார், ஒரு கையால் வடை தட்ட முடியாது, நான் தட்டினால் சண்டைதான் வரும், வெறுங்கையோடே போனோம். மிசிஸ் சென் கதவைத் திறந்து, சப்பாத்தைக் கழற்றக் குனிந்த எங்களைப் பார்த்து, தேவையில்லை என்று கையைக் காட்டி வாசலிலேயே நின்றார். உள்ளே கூப்பிடவில்லை. ஜெரி பின்னால் நின்றான், நான் ஆங்கிலத்தில் சொன்னேன், அவன் தாய்க்குத் தங்கள் பாஷையில் சொன்னான். மட்டை நான் கட்டினது என்ற இடத்தில் அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான், பிறகு சொன்னான். அம்மா தன் ஆங்கிலத்தில் தானே, நான் பெயர் எழுதினேன், பிழை, மன்னியுங்கோ என்றார். மிசிஸ் சென் சினிமாவில் வருவதுபோலச் சிரித்துக் கட்டிப்பிடிக்கவில்லை. அவர் நீளமாக ஏதோ சொன்னார், ஜெரி சுருக்கிச் சொல்லப் பார்த்தான், தாய் அவனை முறைத்தார், பிறகு முழுவதையும் சொன்னான். உங்கள் வீட்டுத் தாளிப்பு மணம் வந்தால் நான் யன்னலைப் பூட்டுவேன், உங்கள் ஆட்கள் எல்லாரும் டெய்ரி என்கிற மூலைக்கடை வைத்திருப்பவர்கள், பேரம் பேசி ஏமாற்றுவார்கள் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள், அதனால் நானும் உங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை, அதற்கு நான் மன்னிப்புக் கேட்கப் போவதும் இல்லை, நான் உங்களுக்கு எதிராக எங்கும் பெயர் எழுதவில்லை, நீங்கள் எழுதினீர்கள், எழுதியது இருபத்தாறு பேருக்கும் தெரியும், மன்னிப்பை மட்டும் ஏன் என் வாசலுக்குக் கொண்டுவருகிறீர்கள், செவ்வாய்க்கிழமை அங்கே வந்து எல்லாருக்கும் முன்னால் சொல்லுங்கள். சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார், படார் என்று இல்லை, மெதுவாகத்தான்.

வரும் வழியில் அம்மா, மனிசி சரியாத்தான் சொல்லுது என்றார், கொஞ்சத் தூரம் வந்து, ஆனால் சரியான திமிர் பிடிச்ச மனிசி என்றார். அதையும் எழுதட்டுமோ என்று கேட்டேன். எழுது, திமிரா இருந்தாலும் சரி சரிதானே என்றார்.

அதோடு முடியவில்லை. கூட்டத்தில் எழும்பினால் மிசிஸ் வாட்கின்ஸுக்கு முன்னால்தான் எழும்ப வேண்டும், முதுகுக்குப் பின்னால் செய்யக்கூடாது, முன்னமே சொல்ல வேண்டும் என்று அம்மா நேராக எதிர்வீட்டுக்குப் போனார். நான் மொழிபெயர்க்க வரட்டுமா என்றதற்கு, வேண்டாம், நீ வந்தால் உன்ர மட்டைக்குப் பின்னால நான் ஒளிஞ்சிடுவன் என்றார். அந்த வீட்டுக்குப் போனால் இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைய அம்மா திரும்பினது கிடையாது. இன்றைக்கு நான் யன்னலில் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன், ஏழாவது நிமிடம் கதவு திறந்தது. வந்து கோட்டைக் கழற்றாமலே இருந்தார். என்ன சொன்னவ என்று கேட்டேன். தேத்தண்ணிக்குக் கேத்திலைப் போட்டவ, நான் சொல்லி முடிய அதை நிப்பாட்டிப்போட்டா என்றார். வியாழக்கிழமை வகுப்பு இருக்குமோ என்று நான் கேட்கவில்லை, அம்மாவும் சொல்லவில்லை.

அம்மா முதலில் எழும்பிப் பேசுவதாம், பெரியவள் நான்தானே, பிறகு நீ எழும்பு என்கிறார். நான் சொல்ல வேண்டியதை ஆங்கிலத்தில் எழுதி இதற்குள் மடித்து வைத்திருக்கிறேன், பிழை திருத்தி 23ஆம் திகதிக்கு முன் கிடைக்கிற மாதிரித் தபாலில் போடு, பகிடி எதையும் சேர்க்காதே, நான் சேர்த்த மூன்றை அம்மா ஏற்கனவே வெட்டிவிட்டார். அப்பாவுக்கு இப்போது காலை வேலைதானே, அவரும் வருகிறார். குணரத்தினம் மாமாவும் வருகிறாராம், இந்த முறை காரை றோட்டில் விடுவாராம். முடிவு எங்கள் பக்கம் வருமோ தெரியாது, ஆடி வெள்ளி நடக்குமோ தெரியாது, நடக்காவிட்டால் பத்துப் பத்துப் பேராக நாலு தரம் கும்பிடுவோம் என்று நான் சொன்னேன், அம்மா சிரிக்கவில்லை. பிறகு கொஞ்சம் சிரித்தார்.

நீ கவலைப்படாமல் படி பிள்ளை, பிள்ளையார் உனக்கு நல்ல புத்தியும் நல்ல உடம்பும் தரட்டும், சூசனையும் அப்படியே வைத்திருக்கட்டும், இரண்டு பேரும் சமைத்ததைச் சேர்ந்து சாப்பிடுங்கோ என்று அம்மா சொல்லச் சொல்கிறார். காலுறையை மறக்காதே. செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்கு ஒருக்கால் எங்களை நினைத்துக்கொள். இதைச் சொல்லிவிட்டு அம்மா திரும்பவும் யன்னலுக்கும் குளிர்ப்பெட்டிக்கும் நடுவே நடக்கத் தொடங்கிவிட்டார், என் பெயர் யோகராணி மகேசன், மூன்றாவது கையெழுத்து என்னுடையது என்று ஆங்கிலத்தில் சொல்லிப் பழகுகிறார். ஒரு சொல் நாக்கில் சிக்குகிறது. சிக்கும்போதெல்லாம் நின்று எதிர்வீட்டுப் பக்கம் பார்க்கிறார், அந்தச் சொல்லைத் திருத்தித் தரக்கூடியவர் அங்கேதான் இருக்கிறார், பிறகு திரும்பி, தானாகவே இன்னொரு தரம் சொல்லிப் பார்க்கிறார்.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா
யோகராணி
இடது கையால் இட்டது, கோணலைப் பொறுத்துக்கொள்
எழுத்துக்கு ஆள்: யசீகரன்